செயலி வழியாக டெலிவரி செய்பவருக்கு ஏன் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது?

உணவு டெலிவரி, டாக்சி போன்ற வேலைகளைச் செயலி மூலம் தனித்தனி ஆர்டராக எடுத்துச் செய்பவரைத்தான் கிக் தொழிலாளர் என்கிறோம். மாதச் சம்பளம் கிடையாது. முடித்த ஆர்டருக்குப் பணம், அவ்வளவுதான்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சட்டம் 1952-இல் வந்தது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) சட்டம் 1948-இல் வந்தது. இரண்டுமே முதலாளி ஒருவர், அவரிடம் வேலை பார்ப்பவர் ஒருவர் என்ற உறவை வைத்து எழுதப்பட்டவை. செயலி நிறுவனங்களோ இவர்களைப் 'பார்ட்னர்' என்கின்றன. அந்த ஒரு சொல்லிலேயே முதலாளியின் கடமைகள் கழன்றுவிடுகின்றன.

குத்தகை விவசாயியை நினைத்துப் பாருங்கள். விதை, உரம், நஷ்டம் எல்லாம் அவருடையது. ஆனால் பயிரும் விலையும் அறுவடை நேரமும் வேறொருவர் சொல்வதுதான் என்றால்? டெலிவரி செய்பவரின் நிலை அதுதான்: வண்டியும் பெட்ரோலும் அவருடையது, கட்டணத்தை முடிவு செய்வது செயலி. இதைச் சுயதொழில் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, அரசு என்ன செய்திருக்கிறது? 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களை முதன்முறையாக வரையறுத்தது; நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை நலநிதிக்குத் தர வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் அதற்கு உச்சவரம்பு. ராஜஸ்தான் 2023-லேயே தனிச்சட்டம் போட்டது. தமிழ்நாடு அதே ஆண்டில் தனி நலவாரியம் அமைத்தது.

இதனால் இவர்கள் நிறுவன ஊழியர்களாகிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நலத்திட்டங்களுக்கு வழி திறந்திருக்கிறது, ஊழியர் என்ற தகுதி இன்னும் வரவில்லை.