மெஷினுக்குத் தெரியாத கிருமி எல்லாம் புதுக் கிருமியா? (கேள்வி பதில்)

நோயாளிகளின் சாம்பிளில் வரும் கிருமிகளை அடையாளம் காண்பது, பெயர் வைப்பது பற்றிக் கேளுங்கள். மருந்துச் சீட்டு மட்டும் கேட்காதீர்கள்.

குன்னூர் லேப் டெக்னீஷியன்: சார், ரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) வந்த காலனிக்கு, அதாவது கிருமிக் கூட்டத்துக்கு, மால்டிடாஃப் மெஷினில் (கிருமியின் புரதங்களைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்வது) 1.6-தான் ஸ்கோர். புது இனமா?

தம்பி, 1.7-க்குக் கீழே என்றால் மெஷின் கையை விரிக்கிறது, அவ்வளவுதான். அதன் பட்டியலில் ஏறாத பழைய கிருமியாக இருக்கலாம். நீங்கள் தடவியது சரியில்லாமலும் இருக்கலாம். முதலில் பிளட் அகார் தட்டை (ரத்தம் கலந்த கிருமி வளர்ப்புத் தட்டு) வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெரிய சாம்பல் காலனியின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தால், மெஷினில் வைத்தது இரண்டின் கலப்பு. தனிக் காலனியை எடுத்துப் புதுத் தட்டில் மறுபடி ஸ்ட்ரீக் செய்யுங்கள், அதாவது கோடு கோடாய்த் தேய்த்து வளருங்கள். அப்புறமும் தெரியாவிட்டால், எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் ஜீனை முழுசாக, ஏறக்குறைய 1500 எழுத்தும், படிக்க வேண்டும். தெரிந்த இனங்களோடு ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது இனம் என்று சந்தேகிக்கலாம். அதற்கு மேலே என்றால் முழு ஜீனோமைப் பார்க்காமல் பேச முடியாது. மிக நெருங்கிய இனத்தோடு ஏஎன்ஐ (இரண்டு முழு ஜீனோம்களை ஒப்பிடும் அளவு) ஒற்றுமை 95-96 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும்.

ஊட்டி மாணவர்: 16எஸ் 99.8 ஒத்துப்போகிறது. இ.கோலை என்று எழுதிவிடலாமா?

வயிற்றுப்போக்கு தரும் ஷிகெல்லாவும் அப்படித்தான் ஒத்துப்போகும். பயோகெமிக்கல் டெஸ்ட் போடுங்கள்.

கூடலூர் லேப்: யூரின் கல்ச்சர், மெஷினில் பெயர் வரவில்லை. புதுசா?

முதல் பதிலைப் படியுங்கள். கலப்பு இல்லையே?

கோத்தகிரி ஆசிரியை: புதுக் கிருமி நம் மலையில் கிடைத்தால் ஊட்டி பெயரையே வைக்கலாமா?

விதி தடுக்காது. ஊர்ப் பெயரோடு 'என்சிஸ்' என்ற லத்தீன் விகுதியைச் சேர்த்தால் ஆயிற்று. ஆனால் நான் வைக்கமாட்டேன். டெல்லியில் சிகிச்சை பெற்ற ஒருவரிடம் சுவீடனில் கண்டெடுத்த மருந்தெதிர்ப்பு நொதிக்கு 'நியூ டெல்லி' பெயர் வைத்து என்டிஎம்-1 ஆக்கினார்கள். 2010-ல் எத்தனை ரகளை!

ஊட்டி லாட்ஜ்காரர்: சீசன் நேரத்தில் அந்தப் பேரு பேப்பரில் வந்தால் எங்கள் பிழைப்பு என்னாவது?

ஊட்டி மாணவர்: சால்மொனெல்லா கிருமியில் டப்ளின் என்றே ஒரு வகை இருக்கிறது. டப்ளினுக்கு ஆள் போகாமலா இருக்கிறார்கள்?

மாணவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் 2015-ல் உலக சுகாதார நிறுவனம் புது நோய்களுக்கு ஊர்ப் பெயர் வேண்டாம் என்றது. கிருமிப் பெயருக்கு அது பொருந்தாது. எனக்கென்னவோ அந்தப் புத்தி இங்கேயும் நல்லது. உழைத்தவர் பெயரை வைக்கலாமே. எலிசபெத்கிங்கியா என்ற கிருமிப் பெயர், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி-யில் இருந்த எலிசபெத் கிங்கின் பெயர்.

லாட்ஜ்காரர்: அப்போ உங்கள் பேரையே வையுங்கள் சார், எங்களுக்குத் தொந்தரவில்லை.

கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைக்கக்கூடாது என்கிறது விதிநூல். தப்பித்தேன்.

மஞ்சூர் வாசகி: அப்பாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். அக்குளில் கருப்பாக ஒரு பொருக்கு. ஏதாவது புதுக் கிருமியா?

பழையதாகவே இருக்கலாம் அம்மா. சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். சாதாரண கல்ச்சரில் அது வளராது. என் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே டாக்டரிடம் போய், அந்தப் பொருக்கை அவசியம் காட்டுங்கள்.

அரவேணு லேப்: மெஷினில் 'நோ ஐடி'...

முதல் பதில்!

கோவை ஆராய்ச்சி மாணவி, சொந்த ஊர் குன்னூர்: ஜீனோம் வரை பார்த்துவிட்டோம், புது இனம்தான். பெயர் எப்போது செல்லும்?

மூலக் கல்ச்சரை இரண்டு வெவ்வேறு நாட்டுக் கிருமிச் சேமிப்பகங்களில் வைத்து, சான்று வாங்க வேண்டும். இங்கே சண்டிகரிலும் புனேவிலும் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்புமுன் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பலர் கடைசியில்தான் விழிக்கிறார்கள். பெயர், பாக்டீரியாப் பெயர்களுக்கான சர்வதேச இதழான ஐஜெஎஸ்இஎம்-இல் வர வேண்டும், அல்லது வேறு இதழில் வந்து அதன் பட்டியலில் ஏற வேண்டும். அனுப்புகிற குழாயில் கலப்பு இருந்தால் சேமிப்பகம் ஏற்காது. மறுபடி ஸ்ட்ரீக் செய்தீர்களா?