ஆல்டோவுக்கு ஸ்விஃப்ட் பிரேக் மாட்டலாமா?

கேள்வி: நான் கல்லிடைக்குறிச்சிக்காரன். 2015 ஆல்டோ 800 வைத்திருக்கிறேன், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாஞ்சோலையில் மாமனார் எஸ்டேட் வீட்டைக் காலி செய்தபோது, நாலு பேரும் சாமான்களுமாகக் கீழே இறங்கினோம். பாதி வழியில் கருகிய வாடை வந்தது. மணிமுத்தாறு நெருங்கும்போது பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. கைபிரேக்கை இழுத்து மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி வந்துவிட்டது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சி, "முன்னாடி ஸ்விஃப்ட் டிஸ்க், காலிப்பர் மாட்டுவோம், பின்னாடியும் டிஸ்க் ஆக்கிருவோம், 24,000 ரூபாய் ஆகும்" என்கிறார். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள். பாதிதான் கிடைக்கும் என்றாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு என்ன ஆனது என்பதற்கான பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பெடல் தரைக்குப் போனது, ஆறியதும் திரும்பி வந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்கினால் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் அந்தக் குமிழியை நசுக்கத்தான் போனதே தவிர, சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆறினதும் குமிழி மறுபடி ஆயிலாகிவிட்டது, பெடலும் வந்துவிட்டது. பெடல் கல் மாதிரி இறுக்கமாக இருந்து வண்டி மட்டும் நிற்காமல் போயிருந்தால் அது வேறு கோளாறு. டிஸ்க் என்கிற சுற்றும் தட்டைக் காலிப்பர் கவ்வும்போது அதில் உரசுகிற பேடு சூடேறி வழுக்குவது அது. உங்களுக்கு வந்த கருகிய வாடை அதன் தொடக்கம்தான், ஆனால் ஆளைக் கவிழ்க்கப் பார்த்தது ஆயில்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்துப் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான கணக்கு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கடைசியாக எப்போது பிரேக் ஆயில் மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக மாற்றியிருக்கவே மாட்டீர்கள். என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எஞ்சின் ஆயில் மாற்றிய தேதியை மனப்பாடமாகச் சொல்வார்கள். பிரேக் ஆயிலைக் கேட்டால், "அதையும் மாத்தணுமா?" என்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சர்வீஸ் பில்லில் "பிரேக் ஆயில் செக்டு" என்று ஒரு டிக் போட்டிருப்பார்கள். டப்பாவில் அளவு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததற்குப் போடுகிற டிக் அது.

சரி, எவ்வளவு சூடு என்று பாருங்கள். உங்கள் கார் 700 கிலோவை ஒட்டியது. நாலு பேரும் சாமானும் சேர்ந்தால் 1,000 கிலோ. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறு அணை வரைக்கும் 900 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை இறக்கத்தையும் பிரேக்கிலேயே பிடித்து வந்தால், 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அந்த நாலு சக்கரத்தில் இறங்குகிறது. இரண்டு குடம் தண்ணீரை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைக்க எவ்வளவு நேரமாகும் என்று வீட்டில் கேளுங்கள். அந்தச் சூட்டில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவது கியரிலும் முதல் கியரிலும் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நீங்கள் மூன்றிலோ நான்கிலோ வந்திருப்பீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களும் நம் பக்கம் உண்டு. அதில் எஞ்சினையும் அணைத்துவிட்டால், மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, மூன்று நாலு மிதியிலேயே பெடல் இரும்பாகிவிடும்.

இப்போது அந்த ஸ்விஃப்ட் டிஸ்க்குக்கு வருவோம்.

பெரிய டிஸ்க் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். வண்டியை நிறுத்துவது கடைசியில் டயர்தான். உங்கள் ஆல்டோவை மைதானத்தில் 40-இல் ஓட்டி ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு தேயும். சக்கரத்தைப் பூட்டுகிற அளவுக்குப் பலம் ஏற்கெனவே இருக்கிறது என்றால், அதற்கு மேல் பலம் கூட்டி என்ன ஆகப் போகிறது? டயர் வழுக்குகிற இடம் மாறாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை அண்ணாச்சி சொல்லியிருக்க மாட்டார். ஆல்டோ 800-க்கு 145/80 ஆர்12 டயர். ஸ்விஃப்ட் டிஸ்க்கும் காலிப்பரும் 14 இஞ்ச் ரிம்முக்கென்று செய்தவை, 12 இஞ்ச் ரிம்முக்குள் அடங்காது. இதை முதலில் சொல்லமாட்டார்கள். பழசைக் கழற்றிப் போட்ட பிறகு, "ரிம்மும் மாத்தணும் சார்" என்பார்கள். 165/80 ஆர்14 போட்டால் டயரின் மொத்த உயரம் 537 மில்லிமீட்டரிலிருந்து 620 ஆகிவிடும். 15 சதவீதம் பெரிது. சக்கரம் பெரிதானால் பிரேக்குக்குப் பிடி கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய பலத்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 92-இல் போகும். வளைவில் டயர் மட்கார்டில் உரசுவது தனி.

அப்புறம் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற சிலிண்டர். பிரேக் என்பது ஒரு செட். பெடல், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், முன் காலிப்பர், பின் வீல் சிலிண்டர், பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு எல்லாம் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை. காலிப்பர் பிஸ்டன் 48 மில்லிமீட்டரிலிருந்து 54 ஆனது என்று வையுங்கள். அதைத் தள்ள நாலில் ஒரு பங்கு கூடுதல் ஆயில் வேண்டும். உங்கள் சின்ன மாஸ்டர் சிலிண்டர் அதைத் தள்ள பெடல் இன்னும் கீழே போயாக வேண்டும். பெடல் கீழே போகிறது என்று வந்தவருக்குப் பெடலை இன்னும் கீழே இறக்கிக் கொடுப்பதுதான் இந்த வைத்தியம்.

பின்னாடி டிஸ்க் ஆக்குவது அதைவிட மோசம். வேகமாகப் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகிவிடும். அங்கே பலத்தைக் கூட்டினால் பின்சக்கரம் முதலில் பூட்டும். சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். உங்கள் வண்டியில் இல்லை. ஈர ரோட்டில் பின்சக்கரம் பூட்டினால் வண்டி பம்பரமாகச் சுழலும், ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பயனில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியது கைபிரேக். அது கேபிளை இழுத்துப் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஷூவை அழுத்துகிறது, ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவர்கள் மாட்டுகிற பழைய காலிப்பரில் பெரும்பாலும் கைபிரேக் லிவரே இருக்காது. இருந்தாலும் உங்கள் கேபிள் அதற்குப் பொருந்தாது. அண்ணாச்சியின் டிஸ்க்கோடு மாஞ்சோலையிலிருந்து இறங்கியிருந்தால் எதைப் பிடித்து இழுத்திருப்பீர்கள்?

இந்தப் பழைய பார்ட்ஸ் எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. அடிபட்டு மொத்தமாகப் போன வண்டிகளை உடைத்து எடுப்பது. அடிபடாத வண்டியிலிருந்து காலிப்பரை எதற்குக் கழற்றப் போகிறார்கள்? போன வருடம் தென்காசியிலிருந்து ஒரு ஹேட்ச்பேக் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. முன் சக்கரத்தில் டக், டக் என்று சத்தம். ரிம்மைக் கழற்றினால் காலிப்பர் பளபளவென்று சிவப்புப் பெயின்ட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பின்னால் கையை விட்டுத் தடவினேன், விரலில் ஒரு மேடு தட்டியது. காலிப்பர் பிராக்கெட்டின் ஓட்டை சரியாக வராததால், ஒரு பட்டையை வெட்டி வெல்டிங் வைத்துப் புது ஓட்டை போட்டிருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் வெல்டிங்கின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல், சுண்டுவிரல் நகம் நீளம். அந்த வண்டியில் ஒரு கைக்குழந்தையோடு புளியரை எஸ் வளைவில் இறங்கி வந்திருக்கிறார்கள். பிஸ்டனை வெளியே எடுத்தால் துருப்பிடித்துக் குழி குழியாக இருந்தது. ரப்பர் சீலைப் பெட்ரோலில் கழுவி அப்படியே போட்டிருந்தார்கள். பெட்ரோலும் சாதா கிரீஸும் பட்டால் பிரேக் ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

டிஸ்க்கிலும் ஏமாற்று உண்டு. பழைய டிஸ்க்கை லேத்தில் கொடுத்து வழவழவென்று ஆக்கிப் புதுசு மாதிரி விற்பார்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதற்குக் கீழே தேயக் கூடாத கனம் அச்சிட்டிருக்கும். பலமுறை அந்த எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டிருப்பார்கள். எழுத்தில்லாத டிஸ்க் வாங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் கொண்டுவந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். விபத்தானால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது இதைத்தான். தரமில்லாத பாதுகாப்புப் பொருளை விற்பவருக்கும் அதே திருத்தத்தில் தண்டனை எழுதியிருக்கிறது. அதற்காக ஒரு கடை பூட்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை. சொந்தக் காருக்கு வாங்கிய நாளிலிருந்து 15 வருடம் எந்த அதிகாரியும் பிரேக்கைச் சோதித்துப் பார்ப்பதில்லை. 15 வருடம்! அதற்குள் குழந்தை பள்ளியை முடித்துவிடும். லோன் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க ஆயிரம் வழி வைத்திருக்கிறார்கள், பெடல் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு வழியும் இல்லை.

"ஒரே மாடலில் டாப் வேரியன்ட் பார்ட்ஸ் போடலாமே" என்று அடுத்து ஒருவர் எழுதுவார். போடலாம், ஆனால் எப்போது என்று கேளுங்கள். ஒரே மாடல் என்றால் ஒரே தலைமுறை. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. இரண்டு வேரியன்ட்டுக்கும் காலிப்பரைத் தாங்குகிற ஸ்டீயரிங் நக்கிள், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், ரிம் அளவு நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனி கவுன்டரில் பார்ட் நம்பர் எடுத்து ஒப்பிட வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் நம்பர் வேறென்றால் அதையும் மாற்ற வேண்டும், அதோடு பூஸ்டரும் மாறும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்ற வேண்டும், புதுசாகத்தான் வாங்க வேண்டும். ஒரு வேரியன்ட்டில் ஏ.பி.எஸ். இருந்து இன்னொன்றில் இல்லையென்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் வண்டியை விற்று டாப் வேரியன்ட்டே வாங்கலாம் போலிருக்கும். பார்ட் நம்பர் எல்லாம் ஒத்து வந்து, ஏற்கெனவே உள்ளது தேய்ந்து மாற்ற வேண்டிய நேரமும் வந்துவிட்டது என்றால் மட்டும் செய்யுங்கள்.

உங்கள் ஆல்டோவுக்குச் செய்ய வேண்டியது இதுதான். பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, சீல் உடைக்காத டப்பாவில் டாட் 4 வாங்கி நாலு சக்கரத்திலும் பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்கச் சொல்லுங்கள். டாட் 3 இருந்த இடத்தில் டாட் 4 ஊற்றலாம், டாட் 5 வேண்டவே வேண்டாம், அது சிலிகான். முன் பேடு கருகி வழவழப்பாகியிருக்கும், மாற்றிவிடுங்கள். காலிப்பர் சறுக்குப் பின்கள் விரலால் தள்ளினால் நகர வேண்டும். பின் டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கிப் பார்த்தால் ஈரமிருக்கிறதா என்று தெரியும். 92,000 ஓடிய வண்டியில் அங்கே கசிவு இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. ஷூவைத் தானாக நெருக்குகிற அட்ஜஸ்டர் துருவில் இறுகியிருந்தால் பெடல் எப்போதும் ஒரு இஞ்ச் கீழேதான் இருக்கும். ரப்பர் ஹோஸை மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வெடிப்பு தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். என் ஒர்க்‌ஷாப்பில் இவ்வளவுக்கும் அண்ணாச்சி கேட்டதில் கால் பங்குகூட ஆகாது. வேலை முடிந்ததும் எஞ்சின் ஓட, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் ஆயிலைக் கசிய விடுகிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

மிச்சச் சாமான் எடுக்க மறுபடி மேலே போவீர்கள் என்று நினைக்கிறேன். சாமானை இரண்டு நடையாக இறக்குங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுசாக விடுங்கள், சக்கரத்துக்குக் காற்று படட்டும். வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நின்று, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிரம்மோடு கைபிரேக்கை இழுத்து வைக்க வேண்டாம், டிஸ்க்கில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். கோணிவிடும்.