வீடியோ காலில் வரும் 'போலீஸ்'

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. போன வாரம் வாட்ஸ்அப் வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், கேமராவை அணைக்கக் கூடாது" என்று மிரட்டியிருக்கிறார். நல்லவேளை, சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. இப்படி ஒரு கைது உண்டா சார்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கிடையவே கிடையாதும்மா. வீடியோ காலில் கைது செய்ய நம் சட்டத்தில் இடமே இல்லை, பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதைச் சொன்னார். இந்த மோசடிக்காரர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: உங்கள் அம்மா யாரிடமும் பேசக் கூடாது. குக்கர் விசில் அடித்தால்கூட எழுந்து போக விடமாட்டார்கள், ஏனென்றால் அடுப்படியில் மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கதை முடிந்தது. பின்னால் தெரிகிற போலீஸ் சின்னம், மேஜை எல்லாம் செட்டிங்தான். கடைசியில், "சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம்" என்று பணத்தை ஒரு கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள்.

அடுத்த முறை வந்தால் வாதாட வேண்டாம், கட் பண்ணிவிடச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் அடிக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் முடக்க முடிந்தால்தான் உண்டு. போகவில்லையா, அந்த எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் புகார் செய்யுங்கள். அப்புறம், ஏமாறப் பார்த்தாயே என்று அம்மாவைத் திட்டாதீர்கள், அடுத்த தடவை உங்களிடம் சொல்லவே மாட்டார்.