பால் வற்றினாலும் அது உங்கள் மாடுதான்

கேள்வி: வணக்கம் அம்மா. மூன்று பசு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றுகிறோம். ஒன்று சினையாகிப் பால் வற்றிவிட்டது. கறக்காத மாட்டுக்கு எதற்குத் தீவனம் என்று என் கணவர் காலையிலேயே அவிழ்த்துத் தெருவில் விட்டுவிடுவார். போன வாரம் மாநகராட்சி வண்டியில் பிடித்துப் போய்விட்டார்கள். அபராதம் கட்டி மீட்க வேண்டாம், என் மாடு என் இஷ்டம் என்கிறார். அவர் சொல்வது சரியா?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: சரியே இல்லை, சகோதரி. மாடு அவருடையது என்பதால்தான் இஷ்டத்துக்கு விட முடியாது. சொந்தக்காரர் தீனி, தண்ணீர், இடம் தராமல் இருந்தால் அது குற்றம் என்று 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. பசியில் வாடும்படி கைவிட்டாலும் குற்றம்தான். 2024 ஜூனில் திருவொற்றியூரில் ஓர் எருமை ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு ஓடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒன்று நடந்தால் மாட்டையா கேட்பார்கள்? அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும் அளவுக்கு மிருகத்தைக் கவனிக்காமல் விட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு இருக்கிறது.

அவர் கணக்கும் தப்பு. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கடைசி இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு கொடுத்தால்தான் அடுத்த ஈத்தில் பால் நன்றாக இறங்கும், வயிற்றில் கன்று வேகமாக வளர்வதும் அப்போதுதான். அந்த நேரத்தில் தவிடும் புண்ணாக்கும் நிறுத்தி, குப்பைத் தொட்டியில் மிச்சச் சோற்றோடு பிளாஸ்டிக் கவரையும் சேர்த்து விழுங்க விடுகிறார். அந்தக் கவர் செரிக்காது, சாணத்திலும் வராது, வயிற்றிலேயே சுருண்டு கிடந்து தீனியை அடைக்கும். பாவம், வாயில்லா ஜீவன், யாரிடம் போய்ச் சொல்லும்?

உடனே போய் மீட்டு வாருங்கள். 2024-ல் அபராதத்தை 10,000 ரூபாயாகவும், மறுபடி பிடிபட்டால் 15,000 ஆகவும் உயர்த்தித் தீர்மானம் போட்டார்கள், பராமரிப்புச் செலவு வேறு தனி, அதனால் தள்ளிப்போடப் போடச் சுமைதான் கூடும். நம் பக்கத்துச் சந்துகளில் மூன்று மாடு கட்ட இடம் கிடைப்பது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். இடமில்லை என்றால் கன்று போடும் வரை செங்குன்றம் பக்கம் கொட்டகை உள்ள உறவுக்காரரிடம் தீவனச் செலவு கொடுத்து விடுங்கள், இல்லையா, வளர்க்கத் தெரிந்தவருக்கு விற்றுவிடுங்கள். சினை மாட்டுக்கு விலையும் கிடைக்கும்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் நானும் அண்ணனும் சேர்ந்து டிபன் கடை நடத்துகிறோம். தொழில் உரிமம் அண்ணன் பெயரில், கடன் என் பெயரில். லாபத்தைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்கிறோம். இப்போது கடை தன்னுடையது என்கிறார் அண்ணன். யார் முதலாளி?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, மாநகராட்சி உரிமம் என்பது அந்த இடத்தில் கடை நடத்த அனுமதி, அவ்வளவுதான், அது கடைக்குப் பட்டா இல்லை. லாபத்தைப் பங்கு போட்டு இருவரும் சேர்ந்து நடத்துவது, எழுத்தில் இல்லாவிட்டாலும், 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டுத் தொழிலாகவே இருக்கலாம். அப்படியென்றால் கடைக்காக வாங்கிய கடனுக்கு அண்ணனும் பொறுப்பு. ஆனால் கையெழுத்துப் போட்டது நீங்கள், வங்கி முதலில் உங்கள் கதவைத்தான் தட்டும்.

பதிவு செய்யாத கூட்டில் ஒரு பங்குதாரர் இன்னொருவர் மீது ஒப்பந்த உரிமை கேட்டு வழக்குப் போட முடியாது, கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்க மட்டும் போகலாம். அதனால் சண்டை முற்றுவதற்குள் அண்ணனை உட்கார வைத்து, யார் எவ்வளவு போட்டோம், கடன் எவ்வளவு பாக்கி என்று பத்திரத்தில் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். கடனில் பாதியை ஏற்க மாட்டேன் என்று அண்ணன் சொன்னால், அடுத்த தவணை கட்டும் முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள். மாவு, கேஸ் வாங்கிய பில், உங்கள் கணக்கிலிருந்து கடைக்குப் போன பணத்தின் விவரம் எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.