நிரல் பாதுகாப்புத் துறையை விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், பிறர் எழுதிய நிரல்களைச் சோதிக்கும் பாதுகாப்புப் பணிக்குப் போக விரும்புவதாகவும், அதில் எதிர்காலம் உண்டா என்று கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பணி ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வைச் சொல்கிறேன்.

2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 'ட்ரோஜன் சோர்ஸ்' என்ற தாக்குதல் முறையை வெளியிட்டார்கள். அரபு, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளுக்காக உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு முறையில் கண்ணுக்குத் தெரியாத திசைக்குறிகள் உள்ளன. அவற்றை நிரலில், படிப்பவருக்காக மட்டும் எழுதப்படும், இயங்காத குறிப்புரைக்குள் செருகிவிட்டால், 'நிர்வாகிக்கு மட்டும் அனுமதி' என்ற நிபந்தனை திரையில் இயங்கும் வரியாகத் தெரிந்தாலும், நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அதைக் குறிப்புரையாகக் கருதிக் கடந்துவிடும். யார் வந்தாலும் கதவு திறந்துகொள்ளும். ரஸ்ட் என்ற நிரல் மொழியின் குழு உடனே 1.56.1 பதிப்பை வெளியிட்டு இக்குறிகளைத் தடுத்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளமும் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது.

ஒத்த உருவமுள்ள எழுத்துகளாலும் இதே ஆபத்து உண்டு. ஆங்கில 'ஏ' எழுத்தின் சிறிய வடிவமும் அதற்கு இணையான ரஷ்ய எழுத்தும் பார்வைக்கு ஒன்றே; கணினிக்கு முன்னதன் யூனிகோடு எண் 0061, பின்னதன் எண் 0430. தமிழ்ப் பெயர்களை ஏற்கும் பைத்தான் நிரல் மொழியில் 'பக' என்பதும், தமிழ் எண் ஒன்றைச் சேர்த்து எழுதிய 'ப௧' என்பதும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வெவ்வேறு மாறிகள் (மதிப்புகளைச் சேமிக்கும் பெயர்கள்). 'ஔவையார்' என்பதை ஒ, ள என்று இரண்டாகத் தட்டச்சு செய்தால் தேடலில் சிக்காமல் போவதைக் கண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இது எளிதில் பிடிபடும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே விருப்பத்தைத் தடுக்காதீர்கள். ஆனால் உடனே வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் பயிற்சி நிலையங்களில் பெருந்தொகை கட்டவும் வேண்டாம். இயங்குதளம், கணினி வலையமைப்பு, கம்பைலர் ஆகிய பாடங்களை அவள் ஆழமாகப் படிக்கட்டும். ஒரு கோப்பைப் பைட்டு பைட்டாகத் திறந்து யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைக் கையால் பிரித்துப் பார்க்கட்டும். முதல் வேலை மென்பொருள் உருவாக்கத்திலோ சோதனையிலோ கிடைத்தால் தயங்காமல் ஏற்கலாம், அங்கிருந்து பாதுகாப்புப் பிரிவுக்கு மாறுவோர் பலர். இறுதியாண்டுத் திட்டப்பணியாக, ஒத்த உருவ எழுத்துகளைக் கண்டறிவது பற்றிய, யூனிகோடு கூட்டமைப்பின் 39ஆம் தொழில்நுட்பத் தரநிலையைப் படித்து, நிரலில் கலந்திருக்கும் போலி எழுத்துகளைக் கண்டுபிடிக்கும் சிறு கருவியை உருவாக்கச் சொல்லுங்கள். நேர்காணலில் எடுத்துக்காட்ட அது பெரிதும் உதவும்.