மாடியில் போனை எடுத்தால் கீழே நெட் போகிறது!

கேள்வி: எங்களுடையது பழைய மாடி வீடு. தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை, பழைய செம்புக் கம்பி லைன்தான். கூடத்தில் ஒரு போன், மாடியில் ஒன்று, பின்கட்டில் அப்பா அறையில் ஒன்று. மணி அடித்தால் மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு மினுக்க ஆரம்பிக்கிறது, மாடியில் ரிசீவரை எடுத்தால் நெட் சுத்தமாகப் போய்விடுகிறது. மழை பெய்தால் போனில் கரகரவென்று சத்தம் வேறு. மோடத்தை மாற்றியும் பார்த்தாயிற்று. லைன்மேன் வந்து பார்த்துவிட்டு “எங்க சைடு க்ளியரா இருக்கு சார்” என்று போய்விட்டார். யார் சொல்வதை நம்புவது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: லைன்மேன் சொன்னதில் பாதியை நம்பலாம். நீங்கள் ஒரே கோளாறு என்று நினைப்பது அநேகமாக இரண்டு கோளாறு. மணிக்கும் ரிசீவருக்கும் நெட் போவது பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் தப்பு, மழைக்குக் கரகரப்பது பெரும்பாலும் வெளியே இருக்கும் தப்பு. இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தால் அவரும் உங்கள் வயரிங்கைக் காட்டுவார், நீங்களும் அவருடைய கம்பத்தைக் காட்டுவீர்கள், வருஷம் ஓடிவிடும்.

அதனால் முதலில் லைனை வீட்டு வாசலில் உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள், அதாவது வெளியிலிருந்து வரும் வயர் முதன்முதலாக வந்து முடியும் அந்தச் சின்ன ரோசெட் பெட்டியில். மூடியைத் திறந்தால் வெளி வயரின் இரண்டு கம்பிகளோடு மாடிக்கும் பின்கட்டுக்கும் போகிற கம்பிகளும் ஒரே திருகாணிக்குக் கீழே முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். கம்பி நுனியில் பச்சையாகப் பூத்திருக்கும், மேலே சுற்றிய கறுப்பு டேப் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், பெட்டிக்குள் எறும்பு குடும்பம் நடத்தினாலும் ஆச்சரியமில்லை. எது எங்கே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, வெளி வயர் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். மோடத்தை நேரே அங்கேயே மாட்டி ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். (லைனில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி, அது ஒன்றும் செய்யாது. ஆனால் கம்பியைப் பிடித்திருக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் சுமார் 75 வோல்ட் ஏசி வரும், சுரீரென்று இழுக்கும். இடி மழையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.)

அந்த ஒரு நாளில் நெட் ஒழுங்காக ஓடினால் தப்பு உங்கள் வயரிங்கில், இல்லையென்றால் வெளியே. இதைச் செய்யாமல் மோடம் மாற்றுவது, ஸ்ப்ளிட்டர் மாற்றுவது எல்லாமே வீண் செலவு.

சரி, வயரிங்கில்தான் தப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே ஜோடிக் கம்பியில் இரண்டு போக்குவரத்து நடக்கிறது. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, நெட் சுமார் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஏடிஎஸ்எல்2+ (செம்புக் கம்பியில் நெட் தரும் ஒரு முறை) ஆக இருந்தால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். இரண்டையும் பிரிப்பதுதான் ஸ்ப்ளிட்டர் வேலை. கூடத்துப் போன் ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் ஒழுங்காக இருக்கும். மாடிக்குப் பேரலல் இழுத்த எலக்ட்ரீஷியன் ஸ்ப்ளிட்டரைப் பற்றிக் கவலைப்படாமல், அதற்கு முன்னாலேயே ரோசெட்டில் முறுக்கிவிட்டுப் போயிருப்பார். ரிசீவரை எடுத்ததும் அந்த 48 வோல்ட் பத்துக்கும் கீழே சரிகிறது, போனின் மின்சுற்று நேரடியாக நெட் சிக்னலின் மேல் வந்து உட்காருகிறது, மோடம் தடுமாறி மறுபடி முதலிலிருந்து இணைப்பைத் தேடுகிறது. மணி அடிக்கும்போது நடப்பதும் இந்த வகைதான்.

வழி: வெளி வயர் நேரே ஸ்ப்ளிட்டரின் ‘லைன்’ துளைக்கு மட்டும் போகட்டும். ‘மோடம்’ துளையிலிருந்து மோடத்துக்கு. மூன்று போன்களும், இன்னும் ஃபேக்ஸ், திருட்டு அலாரம் என்று லைனில் எது தொங்கினாலும் அதுவும், ‘போன்’ துளைக்குப் பின்னால்தான். இப்படிச் செய்தால் ஒவ்வொரு போனுக்கும் தனி ஃபில்டர் (நெட் சிக்னலும் போனும் மோதாமல் தடுக்கும் சின்னப் பெட்டி) தேடி அலைய வேண்டாம்.

யாரும் போன் மாட்டாமல் சுவருக்குள் சும்மா கிடக்கும் பழைய எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். போனே இல்லையே, அது என்ன செய்யும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். சிக்னல் அதற்குள்ளும் ஓடி, மொட்டை முனையில் முட்டித் திரும்பி வந்து, அசலோடு மோதும். 25 மீட்டர் நீளக் கம்பி என்றால் ஏறக்குறைய 2 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் சிக்னலை அமுக்கிவிடும், நீளம் கூடினால் இன்னும் கீழே.

இப்போது மழை. கம்பத்துப் பெட்டியிலோ, நடுவழியில் ஒட்டுப்போட்ட வயரிலோ தண்ணீர் இறங்கி இரண்டு கம்பிக்கும் நடுவே கசிவு உண்டாகிறது. ‘ம்ம்’ என்று ஒரே சீராக இரைந்தால் ஒரு கம்பி பூமியைத் தொடுகிறது என்று சந்தேகப்படலாம். கரகரத்தால் துருப்பிடித்த இணைப்பு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: நீங்கள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் நெட் நிலையாக ஓடி, வைத்ததும் கெடுகிறது என்றால் அது அநேகமாகத் துருப்பிடித்த இணைப்புதான், பேசும்போது ஓடும் மின்சாரம் துருவை ஊடுருவித் தற்காலிகமாக வழி செய்துகொடுக்கிறது. இன்னும் விநோதம், இரண்டு கம்பியில் ஒன்று அறுந்து டயல் டோனே இல்லாதபோதும் நெட் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். “நெட் வருதே, லைன் நல்லாத்தான் இருக்கு” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

லைன்மேனிடம் “ஸ்பீடு இல்லை” என்று சொல்வதைவிட எண்ணைச் சொல்லுங்கள். பிரவுசரில் திறக்கும் மோடத்தின் செட்டிங் பக்கத்தில் (பல மோடங்களில் அதன் முகவரி 192.168.1.1) எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஒன்று இருக்கும், இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு எவ்வளவு உபரித் தெம்பு இருக்கிறது என்பதன் அளவு அது. 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் அறுந்து அறுந்து வரும், 10க்கு மேல் இருந்தால் நிம்மதி. எக்ஸ்டென்ஷன்களைக் கழற்றுவதற்கு முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, மழையில் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். வீட்டு வயரிங் எதுவும் மாட்டாமலே மழையில் இறங்குகிறது என்று காட்டினால், கம்பத்தில் ஏறிப் பார்க்காமல் தப்பிக்க அவருக்கு வழியில்லை.

கேள்வி: தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு நெட் விட்டு விட்டு வருகிறது. போன் சத்தம் சுத்தமாக இருக்கிறது. பகலில் பிரச்சினையே இல்லை.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: விளக்கு வைக்கும் நேரம் என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். மலிவான எல்ஈடி பல்பு, சீரியல் செட், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. கண்டுபிடிக்க ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். திருச்சி வானொலி வருவது 936 கிலோஹெர்ட்ஸில், உங்கள் நெட்டும் அதே வட்டாரத்தில்தான் ஓடுகிறது, ஆகவே ரேடியோவைத் தொந்தரவு செய்வது மோடத்தையும் செய்யும். மீடியம் வேவில் எந்த நிலையமும் இல்லாத இடமாக முள்ளை வைத்து, சத்தத்தைக் கூட்டி, மோடத்து வயர் போகிற வழியெல்லாம் நடந்து பாருங்கள். எங்கே கொர்ரென்று உறுமுகிறதோ அங்கே ஒவ்வொரு ஸ்விட்சாக அணையுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரோரம் உறுமினால் சாமர்த்தியம் வேண்டும், அது என் பகுதியில் வராது!

கூடவே, மோடத்துக்குப் போகும் வயர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கிற தட்டை வயராக இருந்தால் மாற்றிவிடுங்கள். முறுக்கு இல்லாத வயர் நீளமாகக் கிடந்தால் ஆன்டெனாதான். கேட்-5 கேபிளில் நீலமும் நீலம்-வெள்ளையும் சேர்ந்த ஒரே ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள், கரன்ட் வயர் போகும் பைப்புக்குள் மட்டும் விடாதீர்கள். இதற்குப் பிறகும் இரவில் மார்ஜின் கொஞ்சம் இறங்கினால் விட்டுவிடுங்கள். இருட்டியதும் தூரத்து மீடியம் வேவ் நிலையங்கள் கேட்கத் தொடங்கும், அவை கம்பியிலும் ஏறும்.

கேள்வி: மேல் அறையில் இருக்கிற எக்ஸ்டென்ஷன் சாக்கெட்டில் ரூட்டரை மாட்டியிருக்கிறேன். தருவதாகச் சொன்ன வேகத்தில் பாதிதான் வருகிறது.
- ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: பிரிட்டனில் இதற்கென்றே ஒரு தனி வில்லன் இருக்கிறான், மணிக் கம்பி. நம் ஊரில் இரண்டே கம்பி, அங்கே எக்ஸ்டென்ஷனுக்கு 2, 5 என்ற முனைகளில் லைனும், 3வது முனையில் பழைய போன்களின் மணிக்காக ஒரு தனிக் கம்பியும் போகும். துணையில்லாத அந்த ஒற்றைக் கம்பி இரைச்சலை அள்ளிக்கொண்டு வந்து லைனின் சமநிலையைக் கெடுக்கும். இப்போதைய போன்கள் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை. மாஸ்டர் சாக்கெட்டின் (வெளி லைன் முதலில் வந்து முடியும் சாக்கெட்) கீழ்ப்பாதி மூடியைக் கழற்றி, அதன் பின்புறம் 3வது முனையில் இருக்கும் கம்பியை எடுத்துவிடுங்கள். உள்ளே இன்னொரு சாக்கெட் தெரியும், அதுதான் டெஸ்ட் சாக்கெட். ஃபில்டரோடு ரூட்டரை அதில் மாட்டிப் பாருங்கள், அந்த நேரத்தில் எக்ஸ்டென்ஷன் எல்லாம் தானாகவே துண்டாகியிருக்கும். அதற்கும் பின்னால் இருப்பது அங்கே லைன்களைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்துடையது, கை வைக்காதீர்கள். லைனில் டயல் டோன் இருந்தால் லைனைச் சோதிக்கும் எண்ணான 17070 அடித்து 2ஐ அழுத்துங்கள், அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் கரகரத்தால் புகார் கொடுக்கலாம்.

தெருப் பெட்டி வரைக்கும் ஃபைபர், அங்கிருந்து செம்பு என்றால் சிக்னல் 17 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், மோசமான எக்ஸ்டென்ஷன் அதை இன்னும் கடுமையாகக் கடிக்கும். என் யோசனை, ரூட்டரை மாஸ்டர் சாக்கெட்டிலேயே வைத்துவிட்டு மேலே ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்துவிடுங்கள். பழைய போன் சேவை 2027 ஜனவரியில் அங்கே நிற்கப் போகிறது, அப்புறம் போனையே ரூட்டரில்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: ஃபைபருக்கு மாறிவிட்டோம். பழைய மூன்று போன்களும் அந்தந்த அறையிலேயே வேலை செய்ய வழி உண்டா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. ஃபைபர் பெட்டியில் போன் துளை இருந்தால் அதிலிருந்து பழைய எக்ஸ்டென்ஷன் வயரிங்குக்கு இணைப்புக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்பு வெளியிலிருந்து வரும் செம்பு லைனை ரோசெட்டில் முழுக்கக் கழற்றியே ஆக வேண்டும், இரண்டும் சந்தித்தால் பெட்டி பழுதாகலாம். பழைய கனத்த மணிப் போன்கள் மூன்றையும் ஒன்றாக அடிக்க வைக்கும் தெம்பு சில பெட்டிகளுக்கு இருக்காது, ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். ஸ்ப்ளிட்டரை எடுத்துப் பரணில் போடுங்கள், இனி அதற்கு வேலை இல்லை.