கண்மாயில் மாமாவும் மருமகனும்: யார் ஒதுங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் மதுரைக்குக் கிழக்கே. வீட்டுக்காரர் பெரிய கண்மாயில், மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் சேர்ந்து பரிசலில் வலை போடுகிறார். இரண்டு வருஷமாக அதே கண்மாயில் மோட்டார் படகுச் சவாரியும் விட்டிருக்கிறார்கள். அதில் ஒரு படகை ஓட்டுவது என் கூடப்பிறந்த அண்ணன் மகன். போன மாதம் அவன் படகு எங்கள் வலைமேல் ஏறி, வலை கிழிந்துபோனது. இவர் துடுப்பை ஓங்கிவிட்டார். அன்றிலிருந்து மாமனுக்கும் மருமகனுக்கும் பேச்சில்லை. தண்ணீரில் யார் யாருக்கு ஒதுங்க வேண்டும்? வலைக்கு ஈடு கேட்கலாமா? லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னால், "நீந்தத் தெரிஞ்சவனுக்கு அது எதுக்கு" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒன்பது வயதுப் பையனையும் பரிசலில் கூட்டிப் போகிறார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெயர், ஊர் போட வேண்டாம்.

பதில்:

சகோதரி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஒதுங்க வேண்டியவர் உங்கள் அண்ணன் மகன்தான். வலை போட்டிருக்கும் பரிசல் நினைத்த நேரத்தில் திரும்ப முடியாது, விலக முடியாது. எஞ்சின் உள்ளவரால் முடியும். முடிகிறவர் ஒதுங்க வேண்டும். இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. கப்பல்களும் படகுகளும் மோதிக்கொள்ளாமல் இருக்க உலக நாடுகள் 1972-ல் சேர்ந்து எழுதிய கடல் விதிகளிலும் இதே வரிசைதான்: வலை போட்டு மீன் பிடிக்கும் படகுக்கு, எஞ்சினில் ஓடும் படகு வழிவிட வேண்டும். கடலுக்காக எழுதியதுதான் என்றாலும், கண்மாய்க்கு அந்த முறையை எடுத்துக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை.

ஆனால் அதே விதியில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஒடுக்கமான வழியில், மற்றப் படகுகள் போகவர இருக்கும் ஒரே பாதையை மறித்து வலை போடும் உரிமை மீனவருக்கும் கிடையாது. படகுத்துறையிலிருந்து கண்மாயின் நடுப்பகுதிக்குப் போகும் தடத்தில் வலை கிடந்தால் தவறு இவர்மேல். உங்கள் வலை எங்கே கிடந்தபோது கிழிந்தது என்று கடிதத்தில் இல்லை. ஈடு கேட்கும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தடத்தில் கிடந்தால் கேட்காதீர்கள். ஒதுக்கமான இடத்தில், அடையாளம் தெரியும்படி கிடந்த வலை என்றால் தாராளமாகக் கேட்கலாம். அதையும் அந்தப் பையனிடம் கேட்காமல், படகு விடும் ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். அவன் கூலிக்கு ஓட்டுகிறவன்.

அடையாளம் என்று சொன்னேன் இல்லையா, என் கணிப்பில் சண்டையின் வேரே அங்கேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் போடுவது தங்கூசி வலை. மீன் கண்ணுக்கே தெரியாத நரம்பு, பத்தடி தள்ளி வரும் ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? மிதவை என்று கட்டியிருப்பது பெரும்பாலும் சின்னத் தெர்மாகோல் துண்டோ காலித் தண்ணீர் பாட்டிலோதான். கண்மாயில் மிதக்கும் குப்பையும் அதேதான். ஓட்டுநர் அதைப் பார்த்தாலும் குப்பை என்றுதான் நினைப்பார். வலையின் இரண்டு முனையிலும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். கேனில் ஒரு கழியை நிறுத்தி, தலைக்கு மேலே தெரியும் உயரத்தில் சிவப்புத் துணி கட்டினால் இன்னும் நல்லது. லாரிகளின் பின்னால் ஒட்டும் மினுங்கும் ஸ்டிக்கரைக் கேனைச் சுற்றி ஒட்டினால் இருட்டில் டார்ச் வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று தெரியும். நீளமான வலை என்றால் நடுவிலும் ஒரு கேன் வேண்டும். இரண்டு கேனைப் பார்க்கும் ஓட்டுநருக்கு, அவற்றுக்கு இடையில்தான் வலை ஓடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கவும் வேண்டும்.

மருமகனுக்கும் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. நரம்பு வலை சுற்றினால் நஷ்டம் மாமாவுக்கு மட்டும் இல்லை. அந்த நரம்பு, படகைத் தள்ளும் விசிறியின் தண்டைச் சுற்றி உள்ளே போய், எண்ணெய் கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை அறுத்துவிடும். பிறகு கியர் எண்ணெய்க்குள் தண்ணீர் இறங்கும். வெளியில் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நாளில் கியரே போகும். வலை சுற்றிவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டு, விசிறியை மேலே தூக்கி, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது கை வைக்கவே கூடாது. அறுத்த துண்டைத் தண்ணீரில் வீசிவிட்டுப் போகவும் கூடாது. ஆள் இல்லாத வலையும் மீனைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். நீர்க்காகமும் முக்குளிப்பானும் அதில் மாட்டிச் சாகும். துண்டைக் கரைக்குக் கொண்டுவந்து மாமா கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பாதி வலை பிழைத்திருந்தால் அவர் முடிந்துகொள்வார். அதோடு பாதிக் கோபமும் தணியும்.

இன்னொரு விஷயம் அலை. எனக்கு வலை கிழிந்ததைவிட இதுதான் பெரிய கவலை. பரிசலுக்கு அடிக்கட்டை கிடையாது. வட்டமான, தட்டையான அடி. விளிம்போ தண்ணீருக்கு மேல் கொஞ்சம்தான் நிற்கும். வலை இழுக்கும்போது உங்கள் வீட்டுக்காரர் ஒரு பக்கமாகக் குனிந்து, உடம்பின் பாரத்தை அந்த விளிம்பில்தான் போட்டிருப்பார். அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஓர் அலை வந்தால் போதும், பரிசலுக்குள் தண்ணீர் ஏறிவிடும். ஓட்டுநர்கள் பலர் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் தப்பாகச் செய்கிறார்கள். முழு வேகத்தில் வந்து, பரிசலுக்குப் பக்கத்தில் பாதியாகக் குறைக்கிறார்கள். வேகப் படகு பாதி வேகத்துக்கு வரும்போதுதான் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அமுங்கும், பெரிய அலை அப்போதுதான் கிளம்பும். படகு நின்றாலும் அந்த அலை முன்னால் ஓடிப்போய்ப் பரிசலில் மோதும். ஆகவே வெகு தூரத்திலேயே வேகத்தை முழுக்கக் குறைத்து, பின்னால் அலையே எழாத அளவுக்கு மெதுவாகக் கடக்க வேண்டும். அது முடியாத இடத்தில் சுற்றிக்கொண்டு போகட்டும். சவாரிக்காரர்கள் "அண்ணே, மீன் பிடிக்கிறதைப் பக்கத்துல போய்க் காட்டுங்க" என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு.

எதிரெதிரே வரும் இரண்டு மோட்டார் படகுகளுக்கு ஒரு வார்த்தை. சாலையில் நாம் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகியவர்கள். தண்ணீரில் முறை வேறு, இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒருவர் சாலை வழக்கத்திலும் மற்றவர் படகு வழக்கத்திலும் திரும்பினால் நேருக்கு நேர்தான். உங்கள் கண்மாயில் ஒன்றுக்கு மேல் படகு ஓடுகிறது என்றால், ஓட்டுநர்கள் எல்லாரும் இதைப் பேசி வைத்துக்கொண்டார்களா என்று மருமகனிடம் கேளுங்கள்.

சரி, சண்டையை எப்படித் தீர்ப்பது? தண்ணீரில் வைத்துப் பேசவே கூடாது. துடுப்பு ஓங்கிய கை அடுத்த முறை இறங்கியும் விடலாம், பரிசலில் நின்றுகொண்டு சண்டை போடுகிறவர் தானே கவிழ்ந்தும் போகலாம். ஒரு சாயங்காலம் கரையில், குத்தகைக்காரர், படகு ஒப்பந்தக்காரர், மாமா, மருமகன் நால்வரும் உட்கார வேண்டும். உட்கார வைக்க உங்களால்தான் முடியும், இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பவர் நீங்கள். பேச வேண்டியதும் அதிகம் இல்லை. தங்கூசி வலையைப் பொழுது சாயும்போது போட்டு விடியற்காலையில் எடுப்பதுதான் வழக்கம். படகுச் சவாரி வெயில் ஏறித்தான் சூடு பிடிக்கும். நேரத்தைப் பிரித்தாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதல் படகு கிளம்புவதற்கு முன் வலை வெளியே வந்துவிட வேண்டும், கடைசிப் படகு துறைக்குத் திரும்பும்வரை வலை உள்ளே போகக் கூடாது. பகலிலும் வலை கிடக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு மூலையை ஒதுக்கி, எல்லையில் கேன் கட்டி, துறையில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும்.

இப்படி உட்கார்ந்து பேசுவது நம் பக்கத்துக்குப் புதிதா என்ன? மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழாவில், விடியும் முன்பே ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளும் வலையுமாக ஊர் ஊராகக் கரையில் வந்து நிற்பார்கள். பெரியவர் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் காலை வைப்பதில்லை. அத்தனை கூட்டம் ஒரு துண்டுக்குக் கட்டுப்படுகிறது. நான்கு பேர் ஒரு நேரக் கணக்குக்குக் கட்டுப்பட முடியாதா?

அந்தப் பேச்சில் இன்னும் இரண்டை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள். மடை திறந்திருக்கும்போதும், கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் போகும்போதும் படகோ பரிசலோ அந்தப் பக்கம் நெருங்கக் கூடாது. அங்கே இழுப்பு மேலே தெரியாது. அப்புறம் இடி. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் கவனம் வேண்டும். மின்னல் வெட்டி முப்பது எண்ணுவதற்குள் இடிச் சத்தம் கேட்டால், வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு வர வேண்டும். வந்து மரத்தடியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் திரும்ப இறங்கலாம். திறந்த நீர்ப்பரப்பில் உயரமான பொருள் என்று இருப்பது பரிசலில் இருக்கும் ஆள்தான்.

லைஃப் ஜாக்கெட்டுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியும், நம்புகிறேன். ஆனால் அவர் விழப்போவது வெறும் தண்ணீரில் இல்லை. தான் போட்ட வலையிலேயே விழுவார். நரம்பு காலைச் சுற்றினால் உதைக்க உதைக்க இறுகும். லுங்கி நனைந்தால் அதுவும் காலைக் கட்டும். நம் கண்மாய்களில் பலவற்றில் உள்ளே கருவேல மரங்கள் உண்டு. தண்ணீர் நிறைந்திருக்கும்போது முள் கிளைகள் ஒரு முழம் ஆழத்தில் மறைந்திருக்கும். தலை அதில் அடிபட்டால் நீச்சல் தெரிந்து என்ன பயன்? மயங்கினவரையும் மிதக்க வைப்பது ஜாக்கெட் ஒன்றுதான். இடுப்புக்கு மேலேயே முடிகிற, கையை வீச இடம் விடும் குட்டை ஜாக்கெட்டுகள் இருக்கின்றன. அவர் வேண்டாம் என்பது பெரும்பாலும் வலை இழுக்கத் தடையாக இருக்கும் என்பதால்தான், அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். லுங்கிக்குப் பதில் அரைக்கால் சட்டை, இடுப்பில் கயிறு கட்டிய சின்னக் கத்தி, பிளாஸ்டிக் உறையில் போன். இவை மூன்றும் இல்லாமல் பரிசல் கரையை விட்டு நகரக் கூடாது.

மருமகனின் படகில் ஏறும் அத்தனை பேருக்கும் ஜாக்கெட் கட்டாயம். செல்ஃபி எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடினால் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்காரச் சொல்ல வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நமக்குப் பக்கத்து ஏரிதான். படகில் இருந்தவர்கள் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

யாராவது விழுந்துவிட்டால் உடனே குதிக்காமல், கயிறு கட்டிய கேனை முதலில் வீச வேண்டும். பக்கத்தில் போகும்போது விசிறி நின்றிருக்க வேண்டும். கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நம் ஊர்களில் நடக்கிறது. அதைத் தடுங்கள். மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பிறகு நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. அதே நேரம் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

கடைசியாக உங்கள் பையன். இதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். அவன் உடம்புக்கு ஏற்ற அளவில், கால் இடுக்கு வழியாகப் பட்டை போட்டுக் கட்டும் குழந்தைகள் ஜாக்கெட் வாங்கும்வரை அவன் பரிசலில் ஏறக் கூடாது. அப்பாவின் ஜாக்கெட்டை மாட்டிவிட்டால், விழுந்ததும் அது தலை வழியாகக் கழன்றுவிடும். ஜாக்கெட் வந்த பிறகும், வலை இல்லாத நேரத்தில், படகு ஓடாத நேரத்தில், கரையோரமாக மட்டும் கூட்டிப் போகட்டும். வலை இழுக்கும் பரிசலில் சிறுவனுக்கு இடம் இல்லை. தொழில் பழக வேண்டும் என்று அவர் சொன்னால், கரையில் உட்கார்ந்து வலை முடியக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.